பூசையில் வைத்த துப்பாக்கி

பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டுப் புறநகரான பியர்பொன்ட்ஸில் தன் வீட்டுக் கராஜில், சந்திரமௌலி சில குளிர்காலங்களாக ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு, தோளில் அணைக்கும் புதிய மரக்கட்டை செதுக்கிவந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர். உரிமம் வைத்திருப்பவர். ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை. இரும்பும் மரமும் மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரும்பை விளக்குப் புகையில் காட்டி மரத்தில் அழுத்தினால், இடிக்கும் இடத்தில் கரி ஒட்டும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி புகை, மறுபடி சுரண்டல். அவசரத்தில் முதல் கட்டையைப் பிளந்தே விட்டார்.

சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவிலிருந்து நகுலேஸ்வரன் தன் உளிகளோடு துணைக்கு வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். பள்ளி பஸ் ஓட்டுகிறார்.

“அண்ணை, உங்கட மனுசி குத்துவிளக்கைத் தேடுறா. நீங்கள் இஞ்ச துவக்குக்குத் தீபாராதனை காட்டுறியள்!”

“மெதுவா பேசுங்க நகுல், சரளா காதுல விழுந்துடப்போகுது.”

ஆயுத பூசைக்குள் கட்டை பொருந்திவிட்டது. மனைவி சரளா துப்பாக்கியையும் எல்லா உளிகளையும் கூடத்தில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். தன் வேலைப்பாட்டை மறைக்கிறதென்று சந்திரமௌலி, சட்டப்படி துப்பாக்கி விசையில் மாட்டியிருந்த பூட்டைக் கழற்றினார். பூசைக்கு வந்த விருந்தினர் போனதும் பூட்ட வந்தவரைச் சரளா தடுத்தார்.

“பூஜையில வெச்சதை நாளைக்கு விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. தெரியாதா உங்களுக்கு?”

வாழ்நாளெல்லாம் அறிவியல் படித்த கை பின்வாங்கியது. குங்குமம் வைத்தால் துப்பாக்கி தெய்வமாகிவிடுமா? சட்டத்தின் கண்ணில் அது பூட்டில்லாத துப்பாக்கி. சரளாவோ படமெடுத்து வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். படத்தில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் சுண்டல் தட்டோடு நின்றவர் நகுலேஸ்வரன்.

படம் யார் யார் கைக்கோ போனது. மறுநாள் காலை, உளிகளை எடுக்க நகுலேஸ்வரன் வந்திருந்தபோது அந்தப் படத்தோடு போலீஸ் வந்தது. வீட்டுக்காரருக்கு “போன்ஜூர், மெஸ்யூ” என்று மரியாதையான வணக்கம். நகுலேஸ்வரனுக்குக் கேள்விகள்: எந்த நாடு? போரில் இருந்தாயா? இது உன்னுடையதா? ஊரார் பிள்ளைகளைத் தினமும் பத்திரமாக இறக்கிவிடும் மனிதரைக் குற்றவாளியாக்க, ஒரு படமும் பிறந்த ஊரும் போதுமாயிருந்தன.

நகுலேஸ்வரன் சந்திரமௌலியைப் பார்த்தார். பூட்டாமல் வைத்த துப்பாக்கி ‘என்னுடையது’ என்றால் சந்திரமௌலியின் உரிமம் போகலாம், செதுக்கியதெல்லாம் போகலாம். சந்திரமௌலி துப்பாக்கியைப் பார்த்தார். போலீஸார் நகுலேஸ்வரனைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சட்டைப்பைகளைத் தடவி முடித்த பிறகுதான் சந்திரமௌலிக்கு வாய் திறந்தது.

“அது என்னுடையது.”

குங்குமத்தோடு அதை உறையிலிட்டு எடுத்துப் போனார்கள். திரும்பி வருமா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நகுலேஸ்வரன் வரவில்லை. சந்திரமௌலியே உளிகளோடு ரொக்ஸ்பரோ போனார்.

“நான்தான் சொன்னேனே நகுல், என்னுடையதுன்னு.”

“ஓம் அண்ணை, சொன்னியள். அவன் என்ர பொக்கற்றைத் தடவி முடிச்சாப்பிறகு சொன்னியள்.”

உளிகளை வாங்கிக்கொண்டார். உள்ளே தேநீர் கொதிக்கும் வாசனை. பொதி கொண்டுவருபவனைக்கூட “உள்ளுக்கு வாங்கோ” என்று அழைக்கும் வாசல் அது. அன்று நகுலேஸ்வரன் அதைச் சொல்லவில்லை.