அசுந்தா எழுதிய இரண்டெழுத்து

நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவின் முதல் மேசை அசுந்தாவுடையது. அதில் உட்கார்ந்து அடி வாங்காமல் ஓய்வு பெற்ற நர்ஸ் இன்னும் பிறக்கவில்லை. ஒரு நோயாளியின் மருமகன் ஹெல்மெட்டால் அடித்து அசுந்தாவின் பல்லைப் பேர்த்திருந்தான். செத்துப்போன கிழவர் ஒருவரின் மகள்கள் நாற்காலியை வீசி அவள் தோள்மூட்டைக் கழற்றியிருந்தார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

ரோசாரியாவை அவள் புருஷன் நுன்சியோ கூட்டிவந்தான். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது.

"படியில விழுந்துட்டா," என்றான். அவள் தலையாட்டினாள்.

எந்தப் படி கழுத்தில் விரல் தடம் பதிக்கும்? ஆனால் அவன் எதிரில் கேட்டால் வீட்டில் ரோசாரியாவுக்கு இன்னும் விழும் என்று அசுந்தாவுக்குத் தெரியும். அதனால் சீட்டில் 'எஸ்.எம்.' என்று மட்டும் எழுதினாள். வீட்டில் அடிபட்டதாகச் சந்தேகம், தனியாக விசாரிக்கவும் என்று உள்ளே இருக்கும் டாக்டருக்குப் புரியும்.

சீட்டை மேசைமேல் விட்டுவிட்டுப் பஞ்செடுக்கத் திரும்பினாளே, அதுதான் தப்பு. அந்த ஊரில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டால் போட்டோ பிடித்து, சொந்தத்தில் விவரம் தெரிந்தவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. நுன்சியோவின் சித்தப்பா மகன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். நுன்சியோ அனுப்பிய போட்டோவுக்கு, அந்த இரண்டெழுத்தின் அர்த்தத்தோடு உடனே பதில் வந்தது.

"நான் அடிச்சேன்னாடி எழுதி வெச்சிருக்க?"

"அடிக்கலேன்னா உனக்கு ஏன்டா சுடுது?"

அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கெலும்பு நொறுங்கியது. காவலாளி காபி குடிக்கப் போயிருந்தான், பாவி!

"மாத்தி எழுது! படின்னு எழுது!"

"மாட்டேன்," என்று ரத்தத்தைத் துப்பினாள் அசுந்தா. அவன் மறுபடி மோதினான்.

அப்போதுதான் ரோசாரியா குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைத் தூக்கினாள். பிடரியில் ஒரே போடு. அவன் சரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

"இதுதான்டா படி! இதுவும் படி!"

விலா உடையும் சத்தம் வெளியே வரை கேட்டது. மூன்று ஆண்கள் சேர்ந்துதான் அவளைப் பிடித்து இழுக்க முடிந்தது.

போலீஸ் வருவதற்குள் அசுந்தா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"நான் எழுதினதால உனக்கு வம்பாப் போச்சும்மா. கிழிச்சுடவா?"

ரோசாரியா சீட்டை அசுந்தா பக்கம் தள்ளினாள்.

"வேணாம்க்கா. முழுசா எழுதுங்க. அவன் பேரு, எதால அடிப்பான், கல்யாணத்தன்னிலேர்ந்து எல்லாம். இன்னைக்கு நான் அடிச்சதையும் எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."