சிரிப்பையும் சேர்த்து

கண் போன கதையை ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னால், அந்தச் சிரிப்பை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

ஒடிலியா நின்றுகொண்டுதான் மொழிபெயர்ப்பாள். சிலி நாட்டுத் துறைமுக ஊரான வால்பராய்சோவின் மேட்டுத் தெருவில், ரொட்டிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கணினி அலமாரியின் உச்சியில் இருக்கிறது. உட்கார்ந்தால் சொற்கள் தூங்கிவிடுமாம். இருபத்தாறு வருடங்களாகக் கப்பல் சரக்குத் தாள்களையும் பட்டச் சான்றிதழ்களையும் ஆங்கிலமாக்கி வந்தவள். அரசை எதிர்த்து ஊர்வலங்கள் தொடங்கிய பிறகு, போலீசிடம் அடிபட்டவர்கள் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கப் படியேறி வருகிறார்கள். அவர்கள் பேசும் தெருப்பேச்சு அவளுடைய அகராதிகளில் இல்லை. புதுச்சொல் காதில் விழுந்ததும் ரொட்டிப் பையைக் கிழித்து எழுதிச் சுவரில் ஒட்டுவாள். ‘குவானக்கோ: தண்ணீர் பீய்ச்சும் போலீஸ் வண்டி. மலையில் துப்பித் திரியும் விலங்கின் பெயர்.’ ‘பாக்கோ: போலீஸ்காரன். அவன் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது.’ சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்து ரொட்டிக்கடைப் பெண்ணிடம் கத்திக் கேட்பாள். தெருவே பதில் சொல்லும், ஆளுக்கு ஒன்றாக. முன்னைவிடக் குழம்பிப்போய் ஜன்னலைச் சாத்துவாள்.

நிக்கானோர் மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவன். ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டில் இடது கண் போய்விட்டது. உள்ளூரில் வழக்கை மூடிவிட்டார்கள். வெளிநாட்டு விசாரணைக் குழு ஒன்று, ஆங்கில வாக்குமூலம் வந்தால் பார்க்கிறோம் என்றது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குப் பிறகு தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.

திங்களன்று அவன் சொன்னது இப்படி: “வீட்டுல வெந்நீர் போட காஸ் தீர்ந்து மூணு நாளாக் குளிக்கல அத்தே. குவானக்கோவே வந்து குளிப்பாட்டிச்சு. பாக்கோவும் நல்லவன்தான், ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை விட்டுட்டுப் போயிருக்கான்.” ஒடிலியா நகைச்சுவையை எல்லாம் துடைத்துவிட்டு நான்கு பக்கம் எழுதினாள். வெள்ளி மதியம், சுற்றுலாக் கப்பலில் வேலை பார்த்து ஆங்கிலம் கற்ற அவனுடைய அக்கா யாஸ்னா, அதை அவர்கள் மொழியில் அவனுக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

“யாரு இந்த ஆளு? கேக்கவே பாவமா இருக்கு. கையில ஏதாவது குடுத்து அனுப்பணும் போல” என்றான் நிக்கானோர்.

“நீதான்டா” என்றாள் அக்கா.

“நான் இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன் அத்தே.”

“தம்பி, அங்க படிக்கறவங்க உன்னைப் பார்த்ததில்ல. இப்படிப் பேசறவன் பொய் சொல்றான்னு தூக்கிப் போட்டுருவாங்க” என்றாள் ஒடிலியா.

“அழுதாத்தான் நம்புவாங்களா? ஆஸ்பத்திரியில நான் சிரிக்கலேன்னா எங்கம்மா என்ன ஆகியிருப்பாங்க?”

ஒடிலியா பக்கங்களை அழித்தாள். அவன் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தாள். குடிகாரன் உளறல் போல் இருந்தது. ‘இங்கே மக்கள் இப்படித்தான் பேசுவார்கள்’ என்று அடிக்குறிப்பு எழுதினாள். குறிப்பு வாக்குமூலத்தைவிட நீளமாகப் போயிற்று; அதையும் அழித்தாள். மணி நான்கு.

“குளிப்பாட்டிச்சுன்னு முதல்ல யார்கிட்ட சொன்னே?”

“எங்கம்மாகிட்டதான்.”

“அப்ப அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

நிக்கானோர் தரையைப் பார்த்தான். “என் சட்டையிலேருந்து ரத்தத்தைப் பிழிஞ்சுக்கிட்டிருந்தாங்க.”

ஒடிலியா அவன் சொன்ன வேடிக்கையை அப்படியே எழுதி, கீழே அந்த ஒரு வரியையும் எழுதினாள். அடுத்ததற்கும் அப்படியே கேட்டாள். பாக்கோ நல்லவன் என்றது, கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லி முடித்த உடனே. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான்.

“நம்புவாங்களா அத்தே?” என்றாள் யாஸ்னா.

“தெரியலையேம்மா.”

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. ஒடிலியா இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.

வாக்குமூலம் ஐந்து மணிக்குள் போய்விட்டது; குழுவின் பதில் இன்னும் வரவில்லை. இதைப் படித்தவர்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவனுடைய சிரிப்பை விட்டுவிடாதீர்கள்.