நபோசா வெட்டி எறிந்த சத்தம்

நபோசாவிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாலும் முகத்தில் காட்டவே மாட்டாள். எங்கள் தலைநகர் கம்பாலாவில், ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் கைபேசி மென்பொருள் மாநாடு. கழுத்தில் பெயரட்டையோடு வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"யோவ் கல்யாங்கோ, இலவச டீ சர்ட் எந்தப் பக்கம்யா குடுக்கறாங்க?"

பெற்ற அப்பாவோடு பேச்சு அற்றுப்போன பெண் என்று அவளைப் பார்த்து யார் சொல்வார்கள்?

அவள் அப்பா லுக்வாகோ, ஏரிக்கு நடுவே புகாசா தீவில் படகு வைத்து மீன்பிடிப்பவர். மகள் பட்டணத்து வங்கியில் கணினிப் பிரிவில் சேர்ந்ததை வருகிற படகு, போகிற படகு எல்லாவற்றுக்கும் சொல்லி மாய்ந்தவர். அந்த வேலையைத்தான் இவள் உதறிவிட்டு என்னோடு ஓர் ஒற்றை அறை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாள். சிக்னல் மோசமான ஊர்களிலும் தடையில்லாமல் பேச ஒரு செயலி செய்வது எங்கள் திட்டம். வேலையை விட்டதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "உன் இஷ்டம்" என்றாராம். முதல் ஆளாக அவருக்கே ஒரு போன் வாங்கி, செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று பிடித்தது சனி. அதற்குப் பிறகு அவர் பேச்சு சுருங்கிவிட்டது.

"எப்படி இருக்கீங்கப்பா?"

"நல்லா இருக்கேன்."

அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கம் ஒரே அமைதி. "அப்பா, இருக்கீங்களா?" என்று இவள் கேட்பாள். "இருக்கேன்" என்று பதில் வரும். மறுபடி அமைதி. பக்கத்து மேஜையில் இருந்து இதைக் கேட்டுக்கேட்டு எனக்கே எரிச்சல் வரும். வேலையை விட்டதற்கு அப்பா தன்னை ஒதுக்கிவிட்டார் என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டாள். கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஈஸ்டரோடு அடியோடு நிறுத்தினாள்.

"ஒரு தடவை படகேறிப் போய்க் கேட்டுத் தொலையேன்" என்பேன்.

"போய் நின்னு, மூஞ்சிக்கு நேரா 'வராதே'ன்னு சொல்லிட்டார்னா? அப்புறம் எனக்குன்னு ஊர் ஏது?"

நான் என் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாநாட்டில் காலை முழுக்கக் கூத்துதான். மேடையில் ஒருவர் கம்பியில்லா வலைப்பின்னலின் எதிர்காலம் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். கீழே வைஃபை சற்றே திணறியதும் மண்டபத்தில் இருந்த அத்தனை மேதாவிகளும் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட்டைத் திறந்தார்கள். எல்லாம் ஒன்றையொன்று நெரிக்க, இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. "எல்லாத்தையும் அணைச்சுத் தொலைங்கய்யா!" என்று எழுந்து நின்று கத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "முதல்ல உன்னோடதை அணை" என்றது. பார்த்தால் என்னுடையதும் திறந்துதான் இருந்தது. நபோசா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி வகுப்பு. கானாவிலிருந்து வந்திருந்த டெடே என்ற பொறியாளர் நடத்தினார். குறைந்த டேட்டாவில் குரலை எப்படி அனுப்புகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் முறை வந்ததும் நபோசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பேச்சை மட்டும்தான் மேடம் அனுப்புவோம். வார்த்தை இல்லாத சத்தத்தைப் பேசறவங்க போனே வெட்டி எறிஞ்சிடும். அதை நான்தான் எழுதினேன்."

"நல்லது. வெட்டி எறியறது என்னன்னு எப்பவாவது கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? காத்து, படகு மோட்டார், இருமல்…"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்த வெட்டை அணைச்சிட்டு, சிக்னல் மோசமான ஊருக்கு ஒரு அழைப்பு போடுங்க. எல்லாரும் கேப்போம்."

எங்கள் செயலியை வைத்திருந்த மீன் வியாபாரிகள் இருவரைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. ஏரிக்குள் இருந்திருப்பார்கள். மீதி இருந்தது ஒரே எண். நபோசா என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்யா. இத்தனை பேர் முன்னாடி வேண்டாம்."

"கூப்பிடு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவளை அப்படிப் பார்த்துப் பார்த்து நான் அலுத்துப்போயிருந்தேன்.

வெட்டை அணைத்தாள். இந்தப் பக்கம் அணைத்தால் அழைப்பு சேர்ந்ததும் எதிர்முனையிலும் அணைந்துவிடும். ஒலிபெருக்கியில் மணி அடிக்கத் தொடங்கியதும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டாள். எங்கள் ஊரில் அப்பாவுக்கு வணக்கம் சொல்லும் பெண் வேறெப்படி இருப்பாள்? எங்கள் ஆட்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நைஜீரியாக்காரர் ஒருவர் மட்டும், ஏதோ கீழே விழுந்துவிட்டதென்று மேஜைக்கடியில் குனிந்து தேடினார்.

"அப்பா, நபோசா பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் அம்மா. நீ எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்பா."

அடுத்து வரவேண்டியது அந்தப் பாழாய்ப்போன அமைதி. வந்தது வேறு. ஒலிபெருக்கியில், சிக்னல் உடைய உடைய, அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு "ம்ம்ம்…"

நபோசா தன்னை அறியாமல் "ம்ம்" என்றாள்.

"ஏஏ…" என்றார் அவர்.

"ம்ம்."

"ம்ம்ம்…"

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் மக்களுக்கு நலமா என்ற கேள்வி வெறும் வாசல்தான். அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறிப் போடும் இந்த ம்ம்-களில்தான் பாசம், மரியாதை, உன்னைக் கண்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதெல்லாம் இருக்கிறது. ம்ம் போடாமல் நிறுத்தினால், எழுந்து போ என்று அர்த்தம். செயலியை நாங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசியே சோதித்திருந்தோம். ஆங்கிலத்தில் எவன் இப்படி ம்ம் போட்டு விசாரிக்கிறான்? பிறந்ததிலிருந்து ம்ம் போட்டு வளர்ந்தவள், அதை இரைச்சல் என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். மண்டபத்தில் எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நபோசாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர்கள் இருவரும் நிறுத்துவதாக இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. கடைசியில் அவர்தான் நிறுத்தினார்.

"நபோசா."

"சொல்லுங்கப்பா."

"கோபம் தீந்துருச்சா அம்மா உனக்கு?"

"கோபமா? எனக்காப்பா?"

"பட்டணத்துல பெரிய ஆளாயிட்டா, அப்பனுக்கு ஒரு ம்ம் போடக்கூட மனசு வரலைன்னு நினைச்சேன். அப்புறம் போனே வரலை. நான் என்ன தப்பு பண்ணேன்னு உங்க அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். அவளுக்கும் தெரியலை. நீயாவது சொல்லு அம்மா. என்ன பண்ணேன் நான்?"

நபோசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால், மண்டியிட்ட நிலையிலேயே, குலுங்கிக் குலுங்கி அழுதாள். டெடே சத்தமில்லாமல் வந்து ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனார். போன் அவள் காதுக்குப் போயிற்று.

"நீங்க ஒண்ணும் பண்ணலைப்பா" என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

மாலையில் மேடையில் எங்கள் செயலியை விளக்க அழைத்தபோது நான் தனியாகத்தான் ஏறினேன். அவள் பின்வாசல் பக்கம், தரையில், இன்னும் ம்ம் போட்டுக்கொண்டிருந்தாள்.