மனுவில் இருந்த ‘எங்கண்ணன்’

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. அவர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். முறைக்காகச் சொல்கிறேன். மோகனூருக்கு மேற்கே, காவிரிக் கால்வாய்க் கரையில் உள்ள சிற்றூரில், இரண்டு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியை வளர்த்து ஆளாக்கினார். அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா. இன்றைய நினைவுக் கூட்டத்திலும் முதல் வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

அப்பாவுக்கு அரசாங்கத்தில் லஸ்கர் வேலை கிடைத்தது. கால்வாய் மதகைத் திறந்து மூடி, முறை தப்பாமல் வயல்களுக்குத் தண்ணீர் விடும் வேலை அது. அப்பா நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். நல்லவர்தான், ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாதவர். முறை வராமல் எங்கள் வாழைக்கே ஒரு சொட்டு விடமாட்டார். அம்மா ஒருமுறை கேட்டுப் பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு கோடையில் சித்தப்பா மதகடிக்கு வந்து, தன் வாழை காய்கிறது, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்று கேட்டார்.

“ரெண்டு இஞ்சு தூக்குனா ஆறு வத்தியா போயிருமுங்கண்ணா?”

“உனக்கு அது ரெண்டு இஞ்சு. கடைமடைக்காரனுக்கு ஒரு நாள் தண்ணி” என்றார் அப்பா.

மறுவாரம் சித்தப்பா கால்வாயில் மோட்டார் குழாயை இறக்கினார். அப்பா அதை எடுத்துக் கரையில் சுருட்டி வைத்துவிட்டு மேலதிகாரிக்கு எழுதியும் கொடுத்தார். தம்பி என்பதற்காகப் பெயரை மறைக்கவில்லை. அன்றோடு சித்தப்பாவின் வாயில் ‘அண்ணா’ என்ற சொல் நின்றுபோனது. வழியில் பார்த்தால், “ஏனுங்க லஸ்கரு, சவுக்கியமுங்களா?” என்பார். ஊர் சிரித்தது. உங்களில் பலரும் சேர்ந்துதான் சிரித்தீர்கள்.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்து அரை நாள் விடுப்பு வாங்கி, உடன் வேலை பார்த்தவரிடம் மதகுச் சாவியைக் கொடுத்துவிட்டு, டிவிஎஸ் வண்டியில் அம்மாவைக் கூட்டிப் போவார். நான் ஆத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தேன். அப்பாவை விட்டால் அம்மாவுக்கு ஆள் இல்லை.

அப்பா ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும்போது மாறுதல் உத்தரவு வந்தது. ‘நிர்வாக நலன் கருதி’ அவரைத் தென்மாவட்டத்து அணை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் மதகுக்கு மாற்று ஆள்கூடப் போடவில்லை. அதில் நிர்வாகத்துக்கு என்ன நலன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாரும் காப்பி குடித்துவிட்டு ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள். அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்காதே, போய்ச் சேர்ந்துவிட்டு ஆளைப் பிடித்துத் திரும்பி வா என்றார்கள். அம்மாவுக்கு யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு பெரிய மனிதர். அந்த யாராவது யார் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய கார் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது.

எல்லாரும் போன பிறகு அப்பா என்னிடம் சொன்னார். “கோர்ட்டுப் படி ஏறுனா கேவலங்கறாங்க சாமி. உங்கம்மாவ உட்டுட்டுப் போறதுதான் கேவலம்.”

சேலத்து வக்கீலம்மா ஒருவர் மூலம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இடைக்காலத் தடை கிடைத்தது. சில மாதம் கழித்து அரசுத் தரப்பின் பதில் மனு வந்தது. அதோடு ஒரு புகார் மனுவையும் இணைத்திருந்தார்கள். அப்பா வேலை நேரத்தில் மதகில் இருப்பதில்லை, ஆகவே அவரை மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கம். கீழே ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

வக்கீலம்மாவின் அறையில் அப்பா அதை விரல் வைத்துப் படித்தார். வரிக்கு வரி ‘மேற்படி லஸ்கர்’ என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. ‘செவ்வாய், வெள்ளி ஆனால் எங்கண்ணன் மதகைப் பூட்டிப் போட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்’ என்று இருந்தது. சித்தப்பாவுக்குக் கோவையாக எழுத வராது. மனு எழுதித் தருகிற யாரிடமோ சொல்லச் சொல்ல, அவரும் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார். வாயால் கூப்பிடாமல் விட்ட சொல் தாளில் வந்து விழுந்திருந்தது.

எழுதியவரை வழக்கில் சேர்த்துவிடலாம் என்றார் வக்கீலம்மா.

“அவன் பேரு வேண்டாமுங்க அம்மிணி. தோத்தாலும் போகுதுங்க.”

எனக்கு அப்பாவின் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மாவின் உயிரை வைத்துத் தம்பியின் மானத்தைக் காப்பாற்ற இவர் யார் என்று மனத்துக்குள் திட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, “நா இருக்கற வரைக்கும் இத ஆருகிட்டயும் பேசக்கூடாது சாமி” என்றார். சரி என்றேன்.

விசாரணை நாளில் வக்கீலம்மா யார் பெயரையும் சொல்லவில்லை. விடுப்புக் கடிதங்களை வரிசையாகக் காட்டினார். பிறகு அந்த ஒரு வரியைப் படித்தார். ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்கும் இவர் அண்ணனா, இதை எழுதியது யார் என்று விசாரித்தீர்களா என்று நீதிபதி அரசுத் தரப்பைக் கேட்டார். அவர்கள் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காத புகாரை வைத்துத் தண்டித்துவிட்டு நிர்வாக நலன் என்று பெயர் சூட்ட முடியாது என்று சொல்லி மாறுதலை ரத்து செய்தார்.

அப்பா அதே மதகில் ஓய்வு பெற்றார். அம்மா மூன்று ஆண்டு இருந்தார். கடைசிச் செவ்வாய்க்கிழமை வரை டிவிஎஸ் வண்டியில் அப்பாவின் பின்னால்தான் போனார். அம்மா போன பின் அப்பாவும் அதிக நாள் தங்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றே போய்விட்டார். எடுக்கும்போது சித்தப்பா மேலே விழுந்து, “எங்கண்ணா, என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று அழுதார். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வாங்கிய தொகையைவிட அதிகம் உழைத்த வக்கீலம்மாவுக்கும், அப்பாவுக்காக மதகு காத்து, துறைக்கு அஞ்சாமல் அதை எழுத்திலும் தந்த உடன் பணியாளருக்கும், வண்டி பழுதான நாட்களில் கேட்காமலே அம்மாவை ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் பாக்கி. தான் இருக்கிற வரைக்கும் பேசக்கூடாது என்றுதான் அப்பா சொன்னார், நான் வாக்குத் தவறவில்லை. சித்தப்பா, அந்த இரண்டு பக்கத்தில் மெய்யாக இருந்தது ‘எங்கண்ணன்’ என்ற ஒரு சொல்தான். அதுதான் என் அம்மாவுக்கு மூன்று ஆண்டு கொடுத்தது. அந்தச் சொல்லுக்கு நன்றி. மற்றதை மன்னிக்க நான் அப்பா இல்லை.