தெருப்பெயர் கட்டாயம்

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊருக்கே ஈரத்துண்டு நாற்றம்தான். சாரலைப் பற்றியும் மூலிகைக் காற்றைப் பற்றியும் எழுதுகிறவர்கள் இதை மட்டும் எழுதுவதில்லை. நான் தென்காசிக்காரன். ஜூன் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது என் வழக்கம். ஒரு லாட்ஜில் வேலையை ஒப்புக்கொண்டதால் அந்த வருடம் மூன்று வாரம் அந்த நாற்றத்திலேயே கிடந்தேன்.

என் தொழில் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் தொலைபேசி இணைப்பு அமைத்துக் கொடுப்பது. இந்த லாட்ஜ் முதலாளிக்கு ஒரு ஆசை. அவருடைய வலைத்தளத்தில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால், எண்ணும் தேடாமல் செயலியும் இறக்காமல், பிரவுசரிலிருந்தே வரவேற்பு மேசையோடு பேச வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பிரவுசரிலிருந்து வரும் குரல், யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுப் போட்டுக்கொண்டு இணைய வழியாக வருவது. லாட்ஜில் இருந்ததோ அறைக்கு அறை மணியடிக்கும் அரதப்பழசான எக்ஸ்சேஞ்ச். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நடுவே நின்று, வரும் அழைப்பைச் சோதித்து, பூட்டைத் திறந்து, பாஷை மாற்றி உள்ளே அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். அதற்குப் பெயர் செஷன் பார்டர் கன்ட்ரோலர்.

அந்தப் பெட்டியை வைக்க அவர் கொடுத்த இடம் சமையலறைக்குப் பின்னால், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் டின்களை அடுக்கும் அறை. கீபோர்டைத் தொட்டால் விரல் வழுக்கும். எக்ஸ்சேஞ்சின் மூடியைக் கழற்றினேன். கம்பிகளுக்கு நடுவே கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒரு பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு அன்று மதியம் சாப்பிடாமலே இருந்தேன்.

முதல் நாளே முதலாளி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தென்காசி, அண்ணாச்சி."

"அது தெரியுது. தென்காசில எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்டால் மரியாதை இல்லை என்று தெருவைக் கேட்பார்கள். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க, நம்மாளு!" என்று, வந்திருந்த பேப்பர் கப் டீயைத் திருப்பி அனுப்பிவிட்டு, எனக்கென்று எவர்சில்வர் டம்ளரில் காபி வரவழைத்தார். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. அருவருப்பைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் மீதி எழுதுவதெல்லாம் பொய்.

வேலை இழுத்தடித்தது. பொத்தானை அழுத்திப் பேசுகிறவருக்கு லாட்ஜின் குரல் கேட்கும். அவர் பேசுவது லாட்ஜுக்குக் கேட்காது. இரண்டு நாள் முட்டி மோதிவிட்டுச் சென்னையில் இருக்கும் என் நண்பனைக் கூப்பிட்டேன். எட்டு வருடம் அங்கே ஒரே கம்பெனியில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள் நாங்கள். அவனுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நான்கு நாள் தன் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் எனக்குக் கொடுத்து, சென்னையிலிருந்தே அழைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் பிடித்துவிட்டான்.

"ஏலே, உன் பெட்டி வெளியூர்க்காரனுக்கு லாட்ஜோட உள்விலாசத்தக் குடுத்துக்கிட்டு இருக்கு. அந்த விலாசம் லாட்ஜ தாண்டுனா செல்லாது. பெறவு அவன் குரல் எப்படிலே வந்து சேரும்?"

விலாசத்தை மாற்றினேன். இரண்டு பக்கமும் கேட்டது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இம்புட்டுப் பாடு படுத்துதே, அந்தப் பெட்டி என்னதான் செய்யும்?" என்று கேட்டார். எளிதாகச் சொல்ல வேண்டும் என்ற என் சாமர்த்தியம்தான் வினையாகப் போயிற்று.

"நம்ம புளியரை செக்போஸ்ட் மாதிரி, அண்ணாச்சி. கேரளாவுல இருந்து வார லாரிய நிப்பாட்டி, பேப்பரப் பாத்து உள்ள விடுதாங்கல்லா? அதே வேலைதான்."

"அப்போ வேண்டாத வண்டியத் திருப்பி அனுப்பலாம்?"

"அனுப்பலாம்" என்றேன்.

மறுநாள் ஒரு தாளை நீட்டினார். பதினேழு ஊர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தெரு, சிலவற்றுக்கு இரண்டு. பொத்தானை அழுத்தியதும் பெயர், ஊர், தெரு மூன்றையும் கேட்க வேண்டுமாம். தெருப்பெயர் கட்டாயம். தாளில் இருக்கும் தெருவென்றால் அழைப்பு உள்ளே வரக்கூடாது. அறை காலியில்லை என்று திரையில் எழுத்து வந்தால் போதும்.

எதற்கு என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"மேசையில இருக்க பிள்ள வாயால இல்லன்னு சொன்னா வம்பு, தம்பி. எவனாவது ரெக்கார்ட் பண்ணிட்டுப் போய் ஸ்டேஷன்ல நிப்பான். மிஷினு சொன்னா யாரு மேல கேஸு குடுப்பான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் மாட்டிய பாக்கை நகத்தால் நோண்டி எடுத்து, அதை ஒரு தடவை பார்த்து, மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொந்தரவு அழைப்புகளைத் தடுக்க எல்லாப் பெட்டியிலும் இப்படி ஒரு பட்டியல் இருப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வழுக்கும் கீபோர்டில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஏழாவது வரியில் என் நண்பனின் ஊர் இருந்தது. கை நின்றது. எட்டு வருடப் பழக்கத்தில் அவனிடம் எந்தத் தெரு என்று நான் கேட்டதே இல்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமையும் உண்டு. அந்த ஊரில் எத்தனையோ தெரு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதையும் அடித்தேன். சோதித்துப் பார்த்தபோது முதல் தடவையே வேலை செய்தது. ஒரு திருப்திகூட வந்தது. முதலாளியின் பாக்கைவிட அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

இரண்டு வாரம் கழித்து நண்பன் கூப்பிட்டான். அவனுடைய அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று நாள் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அருவிக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் அறை உள்ள லாட்ஜ் இதுதான். என்னிடம் சொன்னால் சலுகை கேட்டதாகிவிடும் என்று, எல்லாரையும் போலப் பொத்தானை அழுத்தி, அம்மாவின் பெயரையும் ஊரையும் தெருவையும் போட்டிருக்கிறான்.

"ரூம் காலியில்லன்னு வந்துச்சு. சீசன்தானன்னு விட்டிருப்பேன். ஆனா மணியே அடிக்கலலே. அடிச்சிருந்தா எனக்கு இங்கன தெரியும்லா? அழைப்பு லாட்ஜுக்குள்ளயே போகல. உன் பெட்டியே மறுத்திருக்கு."

மடிக்கணினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"பெறவு உன் ஊரையும் உன் தெருவையும் போட்டுப் பாத்தேன். மணி அடிச்சுது. ஒரு பிள்ள எடுத்து, எத்தன ரூம் வேணும் சார்னு கேட்டுச்சு."

"அந்த ஆளுதான் கேட்டாருலே..."

"எழுதுனது நீதான?"

"ஆமா."

பேசிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, வீட்டிலிருந்தே பெட்டிக்குள் போய் அந்தப் பட்டியலை அழித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "எடுத்துட்டேன். இப்போ கூப்பிடு, போகும்" என்றேன்.

"எதுக்குலே? பெட்டி விட்டா, அங்கன மேசையில ஆதார் அட்டைய வாங்கிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்ப மாட்டானா? எங்கம்மையக் கூட்டிட்டு வந்து அங்கன நிப்பாட்டவா?"

பிறகு அவனே சொன்னான். "அம்மாட்ட ரூம் ஃபுல்லுன்னு சொல்லியிருக்கேன். நீ வேலை பாத்த லாட்ஜுன்னு ஆசை காட்டி வச்சிருந்தேன், அதனால உன்னக் கூப்பிடும். நீயும் அதையே சொல்லிரு."

முதலாளி வேறு ஆளை வைத்து அந்தப் பட்டியலை மறுபடி போட்டிருப்பார். நான் போய்ப் பார்க்கவில்லை. கையிலிருந்த அந்தத் தாளோடு போலீசுக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா கூப்பிட்டார். சென்னையில் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து மீன்குழம்பு வைத்துக் காத்திருந்து சோறு போட்டவர்.

"எய்யா, நல்லாருக்கியா? ரூமு இல்லன்னு இவன் சொன்னான். அதுக்காக நீ அந்த மொதலாளிகிட்டப் போயிக் கெஞ்சிக்கிட்டு நிக்காதய்யா. சீசன்னா கூட்டம் வரத்தான செய்யும்?"

"ஆமாம்மா."

"ஒரு ரூமுகூட இல்லையாய்யா?"

"இல்லம்மா. எல்லாம் ஃபுல்லு."

"சரிய்யா, அதுக்கென்ன. உன் வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

முடிந்துவிட்டது என்றேன்.