சாப்பாடு நல்லா கீதுன்னு சொன்ன எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டார்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தபோது நம்பவில்லை. போட்ட நம்பர் என் போனில் சேவ் ஆகாதது, டிபி கூட இல்லை... ஃபேக் என்றே நினைத்தேன். அக்கா வீட்டுக்காரருக்கே போன் போட்டேன். எடுத்ததும் அழுதார்.

கும்மிடிப்பூண்டியில், எங்கள் லேபில், பக்கத்து டேபிள் அக்கா. காலை ரயிலில் நான் மீஞ்சூரில் ஏறி இடம் போட்டு வைப்பேன், அவர் பொன்னேரியில் ஏறுவார்.

உட்கார்ந்ததும் பையிலிருந்து புத்தகம் வரும். எப்போதும் ஒரே வகை... உலகப் போரில் ஃபைட்டர் விமானம் ஓட்டிய பையன்கள் எழுதிய நினைவுகள். அட்டை பிய்ந்த பழைய இங்கிலீஷ் புத்தகங்கள்.

"இதுல அப்படி என்னக்கா இருக்கு?"

"இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்கடி. எழுதி வச்சிட்டுப் போயிருக்கானுங்க. ஒருத்தராவது படிக்க வேணாமா?"

படித்ததை எனக்கும் தருவார். அவர் ஒவ்வொரு வரியையும் நம்புவார். என்னால் முடியாது.

பறக்கும்போதே இன்ஜின் தீப்பிடித்து எரிகிறதாம், ஓட்டுகிற பையனுக்குப் பயமே இல்லையாம்! அம்மா படிப்பாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். "பொய்க்கா" என்பேன்.

"நீ இன்னா போலீஸா? புள்ள பெத்ததுலேர்ந்து எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினே கீற."

உண்மைதான். எல்கேஜி போகும் என் மகன் "இன்னைக்கு ஒண்ணும் நடக்கலம்மா" என்றாலே சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கிற ஆள் நான்.

ஒன்று கண்டுபிடித்தேன். புத்தகத்தில் நடுநடுவே வரும், இந்தப் பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் முட்டை கிடைத்தது, கேக் கிடைத்தது என்று வெறும் சாப்பாடாக இருந்தால்... அன்று ஏதோ நடந்திருக்கிறது. கூடப் பறந்த எவனோ திரும்பவில்லை.

அக்காவிடம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் தாண்டும்வரை அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார்.

"ஊட்ல இருக்கறவங்க பயப்படக் கூடாதுல்ல... அதான்" என்றார்.

போன மாதம் லீவு போட்டார். சும்மா செக்கப் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"கேன்டீன் இட்லி சூப்பரா கீதுடி, பூ மாதிரி. சாம்பார்தான் தண்ணி. நீ சாப்ட்டியா?"

முழுக்க இட்லி. டாக்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'உண்மையச் சொல்லுங்கக்கா' என்று அனுப்பினேன்.

'நீ இன்னா போலீஸா?' கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

ஞாயிற்றுக்கிழமை பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். அக்கா பாதியாகியிருந்தார். கையில் டியூப். பக்கத்தில் இட்லி பார்சல், பிரிக்காமலே.

"மோப்பம் புடிச்சு வந்துட்டியா?" என்றார்.

நாளை பொன்னேரியில் அடக்கம்.

போயிட்டு வாங்கக்கா. அங்கே சாப்பாடு நல்லா கீதுன்னு மட்டும் சொல்லாதீங்க...

நான் நம்ப மாட்டேன்.