வலது தோளுக்கு மட்டும்

அண்ணி தைத்த அந்தத் தோள்மெத்தை ஆறு வருடம் என் அலமாரியில், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ரெக்சின் துணியை வெட்டி, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்து, கையாலேயே தைத்தது. துப்பாக்கி சுடும்போது தோளில் விழும் இடியைத் தாங்குவதற்காக. பஞ்சு வலது தோளுக்கு மட்டும்தான். மார்பின் குறுக்கே போய் இடது அக்குளுக்கு அடியில் நுழைந்து முதுகில் முடிகிற பகுதி வெறும் நாடா. எடுத்துப் பார்க்கிற போதெல்லாம் என் விரல் அந்த நாடாவுக்குத்தான் போகும். போன மாதம் வரை அதை நான் யாரிடமும் காட்டியதில்லை.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அண்ணி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதில் கூடை தூக்கியவர். நான் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. லயத்தில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு எனக்கு. வீடுதான் அடுத்தது, சாப்பாடு அண்ணி கையால். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவது லயத்தில் சிலருக்குப் பொறுக்காது. ‘ரெண்டும் சேந்து என்ன சதி பண்ணுதுங்களோ’ என்பார்கள். சதி ஒன்று பண்ணத்தான் செய்தோம். அது இவ்வளவு தூரம் போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

தோட்டத்தின் ஓரத்தில், கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்ட ஒரு சரிவில், டவுன்காரர்கள் சிலர் சேர்ந்து தட்டு சுடும் மைதானம் ஒன்று வைத்திருந்தார்கள். தேத்தண்ணி சாசர் அளவுக்கு ஆரஞ்சு நிற மண் தட்டுகள். ஒரு மெஷின் அவற்றை ஒவ்வொன்றாக வானத்தில் வீசும். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும், விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். நடத்தியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர். எல்லோருக்கும் அவர் மேஜர். துப்பாக்கிகள் அவருடைய இரும்பு அறையில் பூட்டியிருக்கும், தோட்டாக்கள் எண்ணித்தான் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மெஷினில் தட்டு அடுக்கவும், உடையாமல் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தவற்றைப் பொறுக்கவும் அண்ணியை வேலைக்கு வைத்திருந்தார்கள். கோயிலுக்குக் கட்டிய சேலைமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கூடையோடு சரிவில் இறங்குவார். கொழுந்து பறித்த கைக்கு அது ஒரு வேலையா?

ஒரு நாள் டவுன்காரர் ஒருவர் வரிசையாகக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். இவர் துப்பாக்கி முனையைப் பார்க்கிறார், தட்டைப் பார்க்கவில்லை என்று அண்ணி மலாயில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மேஜர் காதில் விழுந்தது. கோபித்துக்கொள்ளவில்லை, நீ சுட்டுக் காட்டு என்று துப்பாக்கியைக் கொடுத்தார். முதல் மூன்று தட்டும் பத்திரமாகத் தரையிறங்கின. நான்காவது தூளானது. அன்று சாயங்காலம் அண்ணி சம்பல் கிண்டிக்கொண்டே எனக்குச் சொன்னார். “ஒண்ணுமே இல்ல பாப்பா. கொழுந்து பறிக்கறப்ப நாம கையவா பாக்கறோம்? கை பாட்டுக்கு பறிக்கும், கண்ணு அடுத்த கொழுந்துல இருக்கும். அதேதான் லா. கையப் பாக்காத, கொழுந்தப் பாரு.” பிறகு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் அண்ணி சொன்ன பாடம் இது ஒன்றுதான். மேஜர் புத்தகத்தைப் பார்த்து மணிக்கணக்கில் விளக்கியது யாருக்கும் ஏறவில்லை. இது ஏறியது.

பெண்களுக்கென்று மாதத்தில் ஒரு காலையை ஒதுக்கித் தருகிறேன், அவர்கள் கைக்குத் தோதான லேசான துப்பாக்கி இரண்டும் வாங்குகிறேன் என்று மேஜர் ஒரு நாள் வாக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: நான்கு மாதத்தில், ஊரே வந்து பார்க்கிற ஓப்பன் டே அன்று ஐந்து பெண்கள் வந்து சுட வேண்டும். ஐந்தில் ஒருத்தி குறைந்தாலும் கிளப்பில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணிக்கு அந்த ஐந்து என்ற எண் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தவரை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்களாம். அதற்குப் பிறகு தனக்கென்று அவர் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டார்.

வீடு வீடாகப் போனோம். பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்காத வீடில்லை. அண்ணியிடம் பதில் தயாராக இருக்கும். “வீட்டுல தெனமும் தட்ட ஒடச்சிட்டுத்தான இருக்கோம். கழுவறப்ப ஒடச்சா திட்டு, வானத்துல ஒடச்சா கைதட்டு. எது நல்லாருக்கு?” சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படிக் கிடைத்தவர்கள் மூன்று பேர்: லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற தடிக்கா டீச்சர், திரிங்காப்பில் பூத்தோட்டம் பார்க்கிற விதவை ஒருவர், டவுனில் தோசைக்கடை வைத்திருக்கும் அக்கா. அண்ணி நான்கு, நான் ஐந்து. அண்ணன் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “சுடறதுக்கு நீ என்ன போலீசா?” என்றார். கடைசியில், “போ, போய்த் தொல. எதாச்சும் ஆனா எங்கிட்ட வராத” என்று அனுமதி கொடுத்தார். எல்லாப் புருஷர்களும் சொல்கிற பேச்சுதான். அதுவே தன்னைப் பின்னால் எவ்வளவு அறுக்கும் என்று அவருக்கு அப்போது தெரியுமா?

முதல் தடவை சுட்ட அன்று எனக்கு அழுகை வந்தது. வலியில் இல்லை. குரல் கொடுத்தால்தான் தட்டு பறக்கும், எனக்குக் குரலே எழும்பவில்லை. ஆபீசில் துரைக்கு முன்னால் இருபது வருடம் மெல்லப் பேசிப் பழகிய தொண்டை. அண்ணி பின்னால் நின்று, “லோரி நம்மள உட்டுட்டுப் போகுதுன்னு நெனச்சுக் கூப்புடு” என்றார். கூப்பிட்டேன். மலை முழுக்கக் கேட்டது. தட்டு பறந்தது, உடைந்தது. பஞ்சாகப் பறந்த அந்த ஆரஞ்சுத் தூளைப் பார்த்தபோது, என் வயதில் எனக்கென்று நடந்த முதல் விஷயம் இது என்று தோன்றியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்தது அண்ணிக்காக மட்டும் செய்ததில்லை. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன.

ஆண்கள் தோளுக்குச் செய்த துப்பாக்கிகள் அவை. எங்கள் ஐந்து பேருடைய வலது தோளும் கன்றிப் போனது. அப்போதுதான் அண்ணி ஐந்து தோள்மெத்தை தைத்தார். கோயில் முடிந்து மைதானத்துக்குப் போய்வந்த பிறகு, மத்தியானத்தில், நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கொருவர் தைலம் தேய்த்துக்கொள்வோம். ஓப்பன் டேக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, அப்படித் தேய்க்கையில் என் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. அண்ணியின் இடது மார்பின் ஓரத்தில், அக்குளை ஒட்டி, முந்திரிக்கொட்டை அளவில். கல்லு மாதிரி இருந்தது. நகரவில்லை.

“அது துப்பாக்கியத் தூக்கித் தூக்கி நரம்பு சுருட்டிக்கிச்சு” என்றார் அண்ணி. துப்பாக்கியின் முன்பாரத்தை இடது கைதான் தாங்கும் என்பதால் நானும் தலையாட்டினேன். ஆனால் தலையாட்டிய வேகத்திலேயே எனக்குத் தெரியும், நான் நம்பவில்லை என்று. என் தோளில் விழுந்த கன்றல் நீலமாகி, மஞ்சளாகிப் பத்து நாளில் போய்விட்டது. இது போகவில்லை. டிஸ்பென்சரிக்குப் போகலாம் அண்ணி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “போனா நர்சம்மா ஒங்கண்ணன்கிட்ட சொல்லும். ஒங்கண்ணன் லயம் பூரா சொல்லும். துப்பாக்கி சுட்டுத்தான் வந்துச்சுன்னு மத்த மூணு பேரையும் வீட்டுல புடிச்சி வச்சிருவாங்க. ஓப்பன் டே முடியட்டும். மறுநாளே போறேன், பாப்பா. சத்தியமா.”

நான் ஒத்துக்கொண்டேன். படித்தவள், ஆபீசில் மற்றவர்களுடைய மருத்துவ லீவு பாரங்களை நிரப்பிக் கொடுக்கிறவள், ஒத்துக்கொண்டேன்.

ஓப்பன் டே அன்று காலை மூடுபனி விலகவே ஒன்பது மணி ஆனது. ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். லெம்பா பெர்த்தாமிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால் அண்ணன் நின்றார். வரமாட்டேன் என்று சொன்னவர், லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அண்ணி இருபத்தைந்து தட்டுக்கு இருபத்தொன்று உடைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அண்ணன் கைதட்டிய சத்தம் துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. “இன்னொண்ணு போடு லா” என்று கத்தினார். கடைசித் தட்டு உடைந்ததும் அண்ணி திரும்பி, அவரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். மேஜர் சொன்ன வாக்கை எல்லோர் முன்னாலும் காப்பாற்றினார். பெண்களுக்கு ஒரு காலை, இரண்டு துப்பாக்கி.

அண்ணியும் வாக்கைக் காப்பாற்றினார். மறுநாள் திங்கட்கிழமையே போனார். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, அண்ணன் பக்கத்தில் இருக்க, “நேத்து சுட்ட பொறகுதான் தெரிஞ்சிச்சு” என்றாராம். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. எனக்குத் தெரிந்திருந்தது என்று அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துப்பாக்கியால் இப்படியெல்லாம் வராது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பதினோரு மாதத்தில் அண்ணி போய்விட்டார். அந்த இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிடுமே என்ற பயம்தான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பேசியது ஒன்றுதான், துப்பாக்கி இடித்து இடித்து வந்த நோய். தடிக்கா டீச்சர் அழுதுகொண்டே தன் தோள்மெத்தையை அண்ணியின் பெட்டிக்குள் வைத்தார். மற்ற இருவரும் அதற்குப் பிறகு மைதானப் பக்கமே வரவில்லை. அண்ணன் மேஜரிடம் போய், எங்கள் லயத்திலிருந்து இனி ஒரு பெண்ணும் வராது என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். “நான்தான் போகச் சொன்னேன். நான்தான் கைதட்டுனேன்.” பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் எல்லாம் வந்திருக்கும். திறக்கவில்லை. என் தப்பை அண்ணன் சுமக்கட்டும் என்று ஆறு வருடம் பக்கத்து வீட்டிலேயே இருந்தேன், அவர் கொண்டுவந்து கொடுத்த முட்டைக்கோசைச் சமைத்துச் சாப்பிட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் தடிக்கா டீச்சர் ஆபீசுக்கு வந்தார். மேஜர் அந்த இரண்டு லேசான துப்பாக்கியையும் இன்னும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாராம். “நீங்க வந்தா நான் வரேன் அக்கா. ஆனா ஒங்கண்ணன் மொகத்த எப்படிப் பாக்கறது?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வாசலில் லோரி கழுவிக்கொண்டிருந்தார். தோள்மெத்தையைக் கொண்டுபோய், இதைப் போட்டுப் பாருங்கள் அண்ணே என்றேன். புரியாமல் பார்த்தார். ஈரக் கையோடு வாங்கி மாட்டிக்கொண்டார். நாடாவை நான் கட்டிவிட்டேன்.

“துப்பாக்கி இடிக்கறது இங்கதாண்ணே. பஞ்சு இருக்கற எடம்” என்று அவர் வலது தோளைத் தொட்டேன். “கட்டி அந்தப் பக்கம். துப்பாக்கி அத வரவழைக்கல. ஓப்பன் டேக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இருந்துச்சு. நான் பாத்தேன். அண்ணி சொல்லாதன்னாங்க. நானும் சொல்லல.”

பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இடது கையால் வலது தோளையும், வலது கையால் இடது அக்குளையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

“அன்னைக்கு என்னப் பாத்துக் கைய ஆட்டுனாளே” என்றார். “எந்தக் கை?”

“துப்பாக்கி வலது கைல இருந்துச்சு. ஆட்டுனது இடது கை.”

“வலிச்சிருக்குமா?”

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பொய்க்கு இடமில்லை. “வலிச்சுச்சுண்ணே” என்றேன்.

லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள்மெத்தையைக் கழற்றவில்லை, திருப்பித் தரவும் இல்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. முட்டைக்கோசு வருவதில்லை. அது நியாயம்தான்.

நான் மறுபடி வீடு வீடாகப் போகிறேன். அண்ணியைப் போல் சிரிக்க வைக்க எனக்கு வராது. கதவைத் திறந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். போன ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அண்ணியின் எண்ணுக்கு இன்னும் இரண்டு வேண்டும். புதிதாக நானே தோள்மெத்தை தைக்கிறேன், என் தையல் கோணல்தான். பஞ்சு வலது தோளுக்கு மட்டும். கட்டிவிடும்போது நாடாவை இடது அக்குளுக்கு அடியில் நுழைக்கிற இடத்தில் என் கை ஒரு நிமிஷம் நிற்கும். வருகிற ஒவ்வொருத்தியிடமும் அங்கே வைத்துக் கேட்கிறேன். “இங்க ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரு. தட்டு அடுத்த வாரமும் பறக்கும்.”